இடாப்பில் ஐம்பத்திரண்டு பேர்

"நீங்க கள்ள வரவு போட்டது கண்டிக்குத் தெரிஞ்சிட்டுப் போல ஈக்கு" என்றாள் மனைவி ருக்கியா.

மஹ்ரூப் மாஸ்டர், கண்டிக் கல்விக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை மூன்றாம் தடவையாக வாசித்தார். மாணவர் வரவு சம்பந்தமாகப் பேச வேண்டும், செவ்வாய்க்கிழமை நேரில் வரவும். அவ்வளவுதான்.

பாயில் கிடந்த மகள் பஸீஹாவின் நெற்றியில் ருக்கியா ஈரத்துணியை மாற்றிப் போட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை, படுத்துப் பத்து நாளாகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடத்து மலேரியா கலகெதரப் பக்கத்தில் ஒரு வீட்டையும் சும்மா விடவில்லை. மாஸ்டரின் பள்ளிக்கூட இடாப்பில் ஐம்பத்திரண்டு பெயர்கள். வாங்குகளில் உட்கார்ந்திருந்ததோ பத்தொன்பது பேர்.

"வரவு நாப்பதுக்குக் கொறஞ்சா மூடிப்போடுவாங்க ருக்கியா. பொறகு நாலு கட்டை நடந்து போய்த்தான் படிக்கணும். ஆம்புளப் புள்ளைகள் போவானுகள். பொம்புளப் புள்ளைய யாரு அனுப்புவா? இருபத்தாறு பேருக்கும் அடுப்படிதான்."

"அதுக்காக வராத புள்ளைய வந்ததாப் போடுறதா?"

"காய்ச்சல் போனாப் புள்ளைகள் திரும்பி வரும். பள்ளிக்கூடம் போனாத் திரும்பி வராது."

அந்த இருபத்தாறு பேரைச் சேர்க்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாலு வருடத்துக்கு முன், தன் மகளின் பெயரை முதலாவதாக எழுதிக் காட்டித்தான் மற்ற வீடுகளின் கதவைத் தட்டினார். ஏசினவர்களும் உண்டு, கதவைச் சாத்தினவர்களும் உண்டு. அதையெல்லாம் ஒரு காய்ச்சலுக்குக் கொடுத்துவிட மனம் ஒப்பவில்லை.

மாஸ்டர் பொய் சொல்லிப் பழகாத மனிதர். பழகினவராக இருந்தால் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று அளவாகப் போட்டிருப்பார். இவரோ ஐம்பத்திரண்டு பேரும் மாதம் முழுக்க ஒருநாள் தவறாமல் வந்ததாக எழுதித் தபாலில் சேர்த்துவிட்டார்.

செருப்பை மாட்டும்போது ருக்கியா வாசல்வரை வந்தாள். "வேலை போனாலும் போகட்டும். கொயினா மருந்து எப்ப வருமெண்டு மட்டும் கேட்டுட்டு வாங்க. எங்கட ஊருக்கு ரெண்டு பெட்டி வருதெண்டு ஊர்த்தலைவர் ஆராச்சி சொல்லி ரெண்டு கெழமையாகுது."

"கேக்கிறேன்."

"வாப்பா, நான் எப்ப பள்ளிக்கூடம் வார?" என்று உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ரெண்டு நாள்ல மகள்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கந்தோர் முற்றத்தில் பெட்டிகள் ஏற்றிய ஒரு லொறி உறுமிக்கொண்டு வெளிக்கிட்டது. அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற மாஸ்டர் படியேறினார். கிளாக்கர் சண்முகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கில் ஒரு புள்ளி பிசகினாலும் ஆளை உரித்துவிடுவார் என்று பெயர்.

"வாங்கோ மாஸ்டர், இருங்கோ." கதிரையைக் காட்டினார். மேசை முழுக்க வரவுத் தாள்கள்.

"ஐயா, அந்த வரவு விசயமா..."

"அதுக்குத்தான் கூப்பிட்டனான். போன வருசம்வரைக்கும் பள்ளிக்கூடமும் கூடினது, பிள்ளையளும் கூடினதுகள். இப்ப எல்லாம் தலைகீழ். குருநாகல், கேகாலை, இந்தக் கண்டிப் பக்கம், எங்க பாத்தாலும் வரவு பாதிக்குப் பாதி. இந்தத் தாளுகளைப் பாக்கப் பாக்க எனக்குச் சோறு இறங்கேல்லை." ஒரு தாளை உருவி எடுத்தார். "உங்கட தாளைக் கண்டுதான் மனம் ஆறினது."

மாஸ்டர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"வேற ஆரும் இப்பிடி அனுப்பியிருந்தால் நம்பியிருக்க மாட்டன். பத்து வருசமா உங்கட கணக்கில ஒரு பிழை நான் பிடிச்சதில்லை. பள்ளிக்கூடத்தை மூடுற பேச்சே இனி இல்லை. இந்தாங்கோ கடிதம். கையில குடுக்கவேணும் எண்டுதான் வரச் சொன்னனான்."

கடிதத்தை இரு கைகளாலும் வாங்கினார். அல்ஹம்துலில்லாஹ்! இருபத்தாறு பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டார்கள். இனிச் சாகும்வரை ஒரு பொய் சொல்வதில்லை என்று மாஸ்டர் அந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவருக்கு அப்போதுதான் ருக்கியா சொல்லிவிட்டது ஞாபகம் வந்தது.

"ஐயா, எங்கட ஊருக்கு வரவேண்டிய கொயினா... எப்ப வரும்?"

"அது நிவாரணக் கமிட்டிக்காரர் குடுக்கிறது. எந்த ஊரில காய்ச்சல் கூட எண்டு அவைக்கு என்னெண்டு தெரியும்? பள்ளிக்கூட வரவைத்தான் என்னட்டைக் கேட்டவை." சண்முகநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "உங்களுக்கு ஒதுக்கின ரெண்டு பெட்டியையும் வேற ஊருக்கு மாத்தச் சொல்லி நான்தான் எழுதிக் குடுத்தனான். நீங்கள் வரேக்கை ஒரு லொறி வெளிக்கிட்டதெல்லோ, அதிலதான் போகுது."

மாஸ்டர் ஜன்னல் வழியே வெறும் முற்றத்தைப் பார்த்தார்.

"ஏன் மாஸ்டர் முழிக்கிறியள்? காய்ச்சல் இல்லாத ஊருக்கு மருந்து என்னத்துக்கு?" என்று சிரித்த கிளாக்கர், அந்தத் தாளை அவர் பக்கம் திருப்பி, பெண்பிள்ளைகள் வரிசையில் முதல் பெயரின் மேல் விரலை வைத்தார். "இஞ்ச பாருங்கோ, பஸீஹா எண்ட இந்தப் பிள்ளை ஒருநாள்கூடத் தவறேல்லை."