ஏரிக்குள் ஒரு தேவாங்கு

கல்குவாரிக்காக நாளை வெட்டப்போகும் புளியமரத்தில் தேவாங்கு இருப்பதைப் படமெடுத்து, உயிரினங்களைப் பதியும் இணையதளத்தில் பூமயில் ஏற்றியிருந்தாள். மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லி அவள் வந்திருந்த வனத்துறை அலுவலகத்தில், அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார். வரைபடத்தில் அவள் போட்ட புள்ளி ஏரிக்கு நடுவே கிடந்தது.

“ஏம்மா, உங்க ஊர்த் தேவாங்கு நீச்சல் பழகுதா?”

“மாந்திரீகத்துக்காகத் தேவாங்கு பிடிக்கிறவன் வந்துரக் கூடாதுன்னு அந்தத் தளமே எடத்தைத் தள்ளிக் காட்டுது சார். என் போன்ல சரியான எடம் இருக்கு, பாருங்க.”

“உன் போன் எனக்கெதுக்கு? எல்லாருக்கும் தெரியிற மாதிரி அந்த மறைப்பை எடு. மரம் வெட்டுறதை நிறுத்திடுறேன்.”

மறைத்தால் ரம்பம் வரும். காட்டினால் பிடிக்கிறவன் கோணிப்பையோடு வருவான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பூமயில் போனில் மறைப்பை நீக்கும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்தபடி நின்றாள்.

“அமுக்கும்மா, டீ ஆறுது” என்றார் அதிகாரி.