பரீட்சைக்கு முந்தின சாயங்காலம்

பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்கிறது. கோவிந்தாபுரம் சாலையில் மாட்டுவண்டிகள் வரிசையாகப் போகின்றன; வாசலில் உரித்துப்போட்ட கடலைத் தோலைக் காற்று தள்ளிக்கொண்டு போகிறது. தெய்வானை சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். தோழி ருக்மணி இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறாள். "தி மேன் டிரைவ்ஸ் தி கார்ட். இதை மாத்திச் சொல்லு." "தி கார்ட் இஸ் டிரிவன் பை தி மேன்." "அடேங்கப்பா, துரைசானியேதான்!" நாலாம் பாரம் வகுப்பில் இப்போது பெண்கள் இவர்கள் இருவர்தான். மூன்றாவதாக இருந்த பாவாயி தை மாதம் பெரியவளானாள். சீர் முடிந்த பிறகும் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தெய்வானையின் அம்மா நாச்சம்மாள் மாவிளக்குத் தட்டோடு உள்ளிருந்து வருகிறாள். வெல்லமும் ஏலக்காயும் மணக்கின்றன. "உன்ற பரீட்சைக்கு வேண்டிக்கிட்டது அம்முணி. உன்ற கையாலதான் மாரியாத்தாளுக்குக் கொண்டு போகோணும். புடி." தெய்வானை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள். "நீயே கொண்டு போம்மா. படிக்கோணும்." "பொஸ்தகம் எங்கீம் ஓடீறாது, எந்திரி." ருக்மணி புத்தகத்தை மூடுகிறாள். தட்டு முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. "நான் அதைத் தொடக்கூடாதும்மா," என்கிறாள் தெய்வானை. "நேத்தே பெரியவளாயிட்டேன்."