மேல் லயத்துக்குப் போகாத செய்தி

சுமனுக்குப் பொன்னாடை போர்த்தியபோது பள்ளிக்கூட மண்டபமே கைதட்டியது. அவன் மட்டும் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ தவறி வந்துவிட்டவன் போல நின்றான்.

“முந்நூறு உசிரு. இந்தத் தம்பி மட்டும் இல்லாட்டி இன்னிக்கு இந்தத் தோட்டத்துல ஒப்பாரிதான் கேட்டிருக்கும்” என்றார் தலைவர் கணேசமூர்த்தி. தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர், மைக் கிடைத்தால் மலையையே கரைத்துவிடுவார். மலை கரைந்து இருபத்தாறு நாளாகியிருந்தது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. லிந்துலைக்கு மேலே இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த சுமன், ஹட்டனில் ஒரு கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்பவன். வெளிநாட்டுக் கடைகளின் விளம்பரங்களை மெசேஜ் ஆப் வழியாக ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்புவது அவன் தொழில்.

அதற்கென்று ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். அது பல பேருடைய கணக்குகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்ளும். ஒரு கணக்கு பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொன்றை வேலைக்கு விரட்டும். ஒருத்தரையும் சும்மா நிற்க விடாது, கங்காணியே அதனிடம் தோற்றுப்போவான்.

கார்த்திகை மழை தொடங்கியதும் அதைத் தோட்டத்துக்காகத் திருப்பினான். லயம் என்கிற ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் ஒருவராக எட்டுப் பேர், தங்கள் லயத்துக்காரர்களுக்குச் செய்தி அனுப்பத் தங்கள் கணக்குகளைத் திறந்து கொடுத்தார்கள். மேல் லயத்துக்கு வீரய்யாவின் மகள் சுலக்ஷனா, ஏ.எல். படிக்கிற பிள்ளை.

எந்தக் கணக்கு மக்கர் பண்ணினாலும் ஆப் சொல்லும் காரணமும் நேரமும் சுமன் பெயரில் ஒரு வரியாக அதன் சொந்தக்காரருக்குப் போகும். விளம்பர வேலைக்காக எழுதிவைத்த பழைய ஏற்பாடு அது. சோதித்துப் பார்த்த அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியதால், அதைப் பற்றி யாருக்கும் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு மண்சரிவு அபாயம் என்று அறிவிப்பு வந்தது. சுமன் போனிலிருந்தே ஆபீஸ் கம்பியூட்டரில் புரோகிராமை ஓட விட்டான். உடனே பள்ளிக்கூடத்துக்கு இறங்குங்கள் என்று லயம் லயமாகச் செய்தி பறந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவனும் இறங்கினான்.

நாலு மணிக்கு மலை வந்து எட்டு லயங்களின் மீதும் உட்கார்ந்தது; ஏழு காலியாக இருந்தன. மேல் லயத்தில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் மழையை நம்பாமல் காலையிலேயே சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். போகாமல் இருந்து மண்ணுக்குள் புதைந்தவர்கள் நாலு பேர். அதில் இரண்டு பேர் வீரய்யாவின் மனைவியும் சுலக்ஷனாவும். வீரய்யா பெக்டரியில் வேலையில் இருந்ததால் தப்பித்தார், அதைத் தப்பித்தது என்று சொல்லலாமென்றால்.

அதன் பிறகுதான் சுமன் போனைப் பார்த்தான். ஏழு கணக்குகள் வேலையை முடித்திருந்தன. சுலக்ஷனாவின் கணக்கு ஒரு செய்தியைக்கூட அனுப்பாமல் நின்றிருந்தது.

ஆப்காரர்கள் அதற்கு ஃப்ளட் வெயிட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழக்கமில்லாத கணக்கிலிருந்து செய்திகள் படபடவென்று கிளம்பப் பார்த்தால், சந்தேகப்பட்டு ஒரு மணி நேரம் கட்டிப்போட்டுவிடும்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தாறு நாளாக அவனுக்கு அழுகை வரவில்லை, சோற்றில் உப்பு தெரியவில்லை, தோளில் விழுந்த பொன்னாடையின் கனமும் தெரியவில்லை. செய்தி போகாமல் நாலு பேரைக் கொன்றுவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்பக்க வகுப்பறைக்குப் போனான். வீடிழந்தவர்கள் அங்கேதான் தங்கியிருந்தார்கள். பிளேன்டீயை ஆறவிட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தார் வீரய்யா. லயத்து உறவில் அவனுக்குச் சித்தப்பா முறை.

சுமன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். எட்டுக் கணக்கில் ஏழுதான் ஓடியது, எட்டாவது சுலக்ஷனாவுடையது, அது நின்றதைத் தான் பார்க்காமல் விட்டது, எல்லாம்.

“உங்க லயத்துக்கு மட்டும் மெசேஜ் போகல சித்தப்பா. போயிருந்தா ரெண்டு பேரும் எறங்கி வந்திருப்பாங்க.”

வீரய்யா கோபப்படவில்லை. அவருக்கும் உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. “அப்படிச் சொல்லாதப்பா” என்றார். “புள்ளைக்கு வந்துச்சு.”

வந்திருக்க வழியே இல்லை என்றான் சுமன். அவர் மறுத்து வாதாடவில்லை. அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

மழை பலத்ததும் பெக்டரியிலிருந்து மகளுக்குப் போன் பண்ணினாராம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடு என்றாராம். அவளும் சரியென்று குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் போனுக்குச் செய்தி வந்ததாம், சுமன் அண்ணனிடமிருந்து. அதைப் படித்ததும், ஒரு மணித்தியாலம் பொறுத்து வருகிறோம் என்று சொல்லிவிட்டாளாம். படித்த பையன் அனுப்பினால் விஷயம் இருக்கும் என்று அவரும் போனை வைத்துவிட்டாராம்.

“என்னா வந்துச்சு சித்தப்பா?”

வீரய்யா ஆறிப்போன பிளேன்டீயைப் பார்த்தபடி சொன்னார்.

“‘ஃப்ளட், வெயிட்’னு போட்டிருந்தியாம்ப்பா.”