நீலப் பெட்டியின் சாட்சி

நான்கு நாட்களாக அந்தப் புள்ளி நகரவே இல்லை.

கனடாவின் தண்டர் பே நகரத்துக் குப்பையைத் தரம் பிரிக்கும் கூடத்தின் வாசலில் காரை நிறுத்தி, ஆர்வோ இன்னொரு முறை போனைப் பார்த்தார். புள்ளி இதே கட்டடத்துக்குள்தான் இருந்தது.

பிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நேரில் பார்க்காமல் நம்புகிறவர் இல்லை. அவருடைய மனைவி மார்லீனோ வாரம் தவறாமல் டின்களைக் கழுவி, தாள்களை மடித்து, மறுசுழற்சிக்கான நீலப் பெட்டியில் அடுக்கி வாசலில் வைப்பவள். வேர்க்கடலை வெண்ணெய் ஜாடியை வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்ப்பாள். போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டே ஆர்வோ சொன்னார்:

"அந்த ஜாடிக்கு ஊத்தின வெந்நீர்ல நான் ரெண்டு தடவை குளிச்சிருப்பேன். எல்லாம் ஒரே குப்பைக் குழிக்குத்தான் போகுது, மார்லீன்."

"நீ போய்ப் பாத்தியா?"

"பாத்துட்டு வந்து சொல்றேன். நான் சொன்னது தப்புன்னா, இனிமே அத்தனையையும் நானே கழுவுறேன்."

மறுநாளே கடைக்குப் போய், சாவிக்கொத்தில் மாட்டுகிற, இருக்கும் இடத்தைப் போனில் புள்ளியாகக் காட்டுகிற சின்ன டிராக்கர் ஒன்று வாங்கினார். காலியான சலவைத் திரவ பாட்டிலுக்குள் அதைப் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். மார்லீனிடம் மூச்சுவிடவில்லை.

உள்ளே அலுவலகத்தில், ஆரஞ்சுச் சட்டைமேல் ஷெரில் என்று பெயர் குத்தியிருந்த பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாய் திறப்பதற்குள்,

"டிராக்கரா, சார்?" என்றாள்.

ஆர்வோ தலையசைத்தார்.

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே ஏழெட்டு டிராக்கர்கள் கிடந்தன.

"டேப் சுத்தின பாட்டில்தானே? தரம் பிரிக்கிற பெல்ட்ல நிக்கிற பொண்ணு பாத்து எடுத்துட்டா. பேட்டரி நசுங்கினா தீப்பிடிக்கும், சார். போன வருஷம் ஒரு மூலையே எரிஞ்சு போச்சு."

"அப்ப அந்த பாட்டில்?"

"குப்பைக்குப் போயிடுச்சு."

ஆர்வோவின் முகம் மலர்ந்தது.

"நீங்க உள்ள பேட்டரி வெச்சதாலதான் போச்சு," என்றாள் ஷெரில். "மத்த பாட்டிலெல்லாம் கட்டு கட்டி லாரி ஏறிடுச்சு. உருக்கிக் குழாய் பண்ணுவாங்க. டின் மறுபடி டின்னாவே வரும், அதுக்குன்னு புதுசா மண்ணைத் தோண்ட வேண்டாம். தயிர் டப்பா மூடி மட்டும் சல்லடையில விழுந்து குப்பைக்குப் போயிடும், அதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

ஒரு மூடியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வாதாட முடியும் என்று ஆர்வோ யோசித்தார். அதிக தூரம் முடியாது.

டிராக்கரைத் திருப்பி வாங்கிக்கொண்டதற்கு ஒரு தாளில் பேரும் விலாசமும் வீட்டு போன் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஷெரில் அதை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு இழுப்பறையின் கடைசிவரை கைவிட்டு இன்னொரு டிராக்கரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதில் ஒட்டியிருந்த காகிதத்தில் அதே போன் நம்பர். அந்தச் சாய்ந்த ஏழு மார்லீனின் கையெழுத்து.

"இதுவும் உங்க வீட்டோடதுதான் சார். கூப்பிட்டு எல்லா விவரமும் சொன்னேன். வாங்கிக்க வர மாட்டேன்னுட்டாங்க."

"ஏனாம்?"

"'அங்கயே இருக்கட்டும், என் வீட்டுக்காரர் ஒருநாள் அவரோடதைத் தேடிக்கிட்டு வருவார், அப்ப சேத்துக் குடுத்துடுங்க'ன்னாங்க."

"எப்போ சொன்னா?"

ஷெரில் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும், சார்."