நூற்றுக்கு அரை

சைகோன் வீட்டுத் தரகர்கள் எல்லாரும் நூற்றுக்கு இரண்டு கேட்டபோது, அரை போதும் என்று நான் கடை திறந்தேன். ஒருவரும் வரவில்லை. மலிவான தரகன் காட்டும் வீட்டில் பேய் இருக்கும் என்று ஊரில் பேச்சு.

கடைசியில் ஒரு செட்டியார், தம் வீட்டை விற்றுத்தரச் சொன்னார். இதுவும் படியாவிட்டால், நான் வீறாப்பாக உதறிய குமாஸ்தா வேலைக்கே போய்க் கெஞ்ச வேண்டும்.

ஜவுளிக்கடை அப்துல் முத்தலிப் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"மழைக்கு ஒழுகுமா, முசியே?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார்.

பொய் நாக்கு நுனிவரை வந்தது. அடுப்படியில் நின்ற பெண் என்னையே முறைத்தாள்.

"அடுப்படி மட்டும் ஒழுகும், மரைக்காயரே."

"விக்க வந்தவரு இப்படியா சொல்லுவீரு!" சிரித்தவர் சட்டென்று முகத்தைச் சுருக்கினார். "குடியிருக்கிறவன் கிளம்புவானா? தகராறுன்னா எனக்கு இந்த வீடே வேணாம்."

நான் அடுப்படிப் பக்கம் பார்க்காமல் சொன்னேன். "அப்பாவி மனுசன். சொன்னாக் கேப்பான்."

"நீர் பொறுப்பா?"

"நான் பொறுப்பு. மாசக் கடைசியில காலி."

அடுப்படியை அவர் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"சரி, முடிச்சிருவோம்."

அவர் தெருமுனை திரும்பியதும், கையில் கரண்டியோடு வெளியே வந்தாள் என் மனைவி மாதலேன்.

"முத யாவாரம் படிஞ்சிருச்சே!" அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம். "சரி, இனிமே நாம எங்கங்க குடியிருக்கிறது?"

"நல்ல தரகரா ஒருத்தரைப் பார்க்கணும்" என்றேன்.