கார்டில் ஏறவிருந்த வசனம்

அச்சகத்து ஜன்னல் வெயில், மேஜையில் விரித்து வைத்த வேதாகமத்தின் மேல் சரியாக விழுகிறது. ஒரு வரியில் அச்சுக்காரப் பெண்ணின் மை படிந்த விரல் நிற்கிறது. எதிரே கல்யாணப் பெண்ணின் அப்பா, கல்யாணக் கார்டின் மாதிரித் தாளையே விசிறியாக்கி வீசிக்கொண்டிருக்கிறார். இயந்திரம் சூடேறி உறுமுகிறது. அவள் இன்னும் தாளை ஏற்றவில்லை. "ஒரே ஒரு வரிம்மா. நாம பிரிஞ்சிருக்கும்போது ஆண்டவர் நம்மளப் பார்த்துக்கிட்டு இருப்பார்னு. எவ்வளவு அழகா இருக்கு!" "அழகுதான் சார். அதுக்கு மேல இருக்கறதையும் வாசிங்க. வாசிக்காம நான் ஓட்ட மாட்டேன்." "எனக்கே வேதம் சொல்லித் தர்றியா?" அவள் புத்தகத்தை அவர் பக்கம் திருப்புகிறாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். உதடுகள் அசைகின்றன. அந்த வசனத்துக்கு மேலே உள்ள கதையில், மருமகன் சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறான். மாமனார் ஏழு நாள் துரத்திப் பிடிக்கிறார். ஒருவரை ஒருவர் நம்பாமல் கற்களைக் குவித்து எல்லை போடுகிறார்கள். நான் பார்க்காவிட்டாலும் ஆண்டவர் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார் என்கிறார் மாமனார். தாள் விசிறி நின்றுவிடுகிறது. "இது வாழ்த்தே இல்லியேம்மா, மிரட்டல்." அவள் தலையசைக்கிறாள். "இந்த வசனத்தக் கார்டுல போடச் சொல்லி எழுதி அனுப்பினதே எங்க மாப்பிள்ளைதான்," என்கிறார் அவர், மெதுவாக.

அவள் இயந்திரத்தை அணைக்கிறாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுகிறார். "இரும்மா. அந்த மருமகன் ஏன் ஓடினான்னு மொதல்லேருந்து பார்த்துடறேன்."