தான்சானியாவுக்கு ஒத்திகை

"ஏங்க, சாம்பாருக்குப் புளித்தண்ணி முதல்லயா, பருப்பு முதல்லயா?"

கோதண்டராமன் கரண்டியோடு விழித்தார். "கூட்டல்ல எது முன்ன வந்தாலும் விடை மாறாது, உண்ணாமுலை."

"சாம்பார்ல மாறும்!"

வேங்கிக்கால் வீட்டில் ஒரு மாதமாக இந்தக் கூத்துதான். தான்சானியாவில் ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கூடம். கணக்கு நடத்த ஆளில்லை. சம்பளம் கிடையாது, தங்க இடம் உண்டு, ஒரு வருஷம். உள்ளூர் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி சொல்லப்போக, கணவன் மனைவி இருவருமே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற அந்த வீட்டில் ஆசை பற்றிக்கொண்டது. ஆனால் ஒருத்தருக்குத்தான் இடம்.

தடுப்பூசி போட்டாயிற்று. கொசுவலை வாங்கியாயிற்று. பாக்கி இருந்தது கோதண்டராமன்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடித்தறியாத மனிதர். ஒரு வருஷத்தைத் தனியாக எப்படித் தள்ளுவார்?

"ராத்திரியில காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"உன்னைக் கூப்பிடுவேன்."

"எவ்ளோ கத்தினாலும் கடல் தாண்டிக் கேக்காதுங்க! இதுல தேறலைன்னா தான்சானியாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தம்மாவுக்கு போன் பண்ணி வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடலாம்."

"அவசரப்படாதே. துணி துவைச்சிருக்கேன், போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். அவளுடைய சிவப்புப் புடவையோடு சேர்த்து ஊறவைத்ததில், அவருடைய வெள்ளை வேட்டிகள் அத்தனையும் ரோஜா நிறத்தில் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. இந்தப் பயணம் நடந்த மாதிரிதான் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பரீட்சை. முழுச் சமையலும் அவரே. மார்க் போட எதிர்வீட்டு சந்திரம்மாள். சமையலறையில் பாத்திரம் உருளும்போதெல்லாம் உண்ணாமுலை கூடத்தில் கையைப் பிசைந்தாள். எழுந்து போய் ஒரு கை உதவலாமா என்றிருந்தது. போகவில்லை.

சந்திரம்மாள் ரசத்தை உறிஞ்சினாள். முகம் சுளித்தது, பிறகு மலர்ந்தது.

"மொளகு ஜாஸ்தி சார். ஆனா நல்லாதான் இருக்குது. இன்னொரு கரண்டி ஊத்துங்க."

"பாஸ்!" என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார் கோதண்டராமன். உண்ணாமுலைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம், விமான நிலையம் போக வாசலில் கார் வந்து நின்றது. ரோஜா நிற வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார் கோதண்டராமன். பிறகு ஒரு பொட்டலத்தை கார் ஜன்னலுக்குள் நீட்டினார்.

"புளிசாதம். நானே கிளறினது, வழியில சாப்பிடு. அங்க பசங்களுக்கு நீ நல்லா கணக்கு சொல்லிக்குடு, உண்ணாமுலை. இங்க ரசத்தை நான் பாத்துக்கறேன்!"